சட்ட உதவி நிதியில் சிவில் வழக்கு ஏழைகளுக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலவச சட்ட உதவி முகாம் பற்றிய செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. நீதிபதி குத்துவிளக்கு ஏற்றுகிறார், கல்லூரி மாணவர்கள் பேரணி போகிறார்கள், விழிப்புணர்வு துண்டறிக்கை கொடுக்கிறார்கள், மறுநாள் படத்தோடு செய்தி வந்துவிடுகிறது. முகாம் நடப்பது நல்லதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் முகாம் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், கையில் ஒரு சம்மனோடு, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிற ஆளுக்கு அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கீழமை நீதிமன்றத்தில் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு, தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று காகிதம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மனு எழுத உதவுகிறேன். காசு வாங்குவதில்லை. வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கொலை, கொள்ளை, அடிதடி என்று வருவதில்லை. வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை, வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் விட்டுப்போய்விட்டது, புருஷன் ஜீவனாம்சம் கொடுப்பதில்லை, செய்த வேலைக்குக் கான்ட்ராக்டர் கூலி தரவில்லை, பிள்ளைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன் இப்போது சோறு போடுவதில்லை, இப்படித்தான் வருகிறார்கள். எல்லாம் சிவில் அல்லது அரை சிவில் சமாச்சாரம். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதலில் தேவைப்படுவது பெரிய வக்கீல் இல்லை. இது எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டிய விஷயம், என்ன படிவம், என்ன ஆவணம் இணைக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், இதைச் சரியாகச் சொல்லி, கூட உட்கார்ந்து எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு நிலையான நிதி வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் அதிகம் பார்ப்பது புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) வழக்கு. அதை எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் பிரசவத்துக்கோ, மாடு வாங்கவோ அவசரத்துக்கு முப்பதாயிரம் வாங்கியிருப்பார்கள். தொகை எழுதாத புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். வட்டி கட்டிக்கொண்டே வந்திருப்பார்கள், அப்புறம் ஒரு கட்டத்தில் முடியாமல் போயிருக்கும். மூன்று வருடம் முடிவதற்குள் வழக்குப் போட்டாக வேண்டும் என்ற கணக்கு கடன் கொடுத்தவருக்குத் தெரியும். அவர் மூன்று லட்சம் என்று நிரப்பி வழக்குப் போட்டுவிடுவார். வீட்டுக்கு சம்மன் வரும். வாங்கியவர் என்ன செய்வார்? வாங்கியது எவ்வளவு என்று ஊருக்கே தெரியுமே, நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று சம்மனை மடித்து பீரோவில் வைத்துவிடுவார். சம்மன் கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது எழுத்தில் பதில், கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வாய்தா அன்று கூப்பிடுவார்கள், ஆள் இருக்க மாட்டார், எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு முடிந்துவிடும். மூன்று லட்சத்துக்கும் வட்டிக்கும் செலவுக்கும் சேர்த்து டிக்ரி (தீர்ப்பாணை). அதற்கு மேல் அந்தத் தொகையை வசூலிக்க நிறைவேற்று மனு, கடைசியில் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுகிற ஊழியரான அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் ஓடி வருவார்கள்.

ஒருதலைப்பட்சமான தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கும் 30 நாள்தான். அது தாண்டிவிட்டால், தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாக மன்னிப்பு மனு போட வேண்டும், ஏன் தாமதம் என்று விளக்க வேண்டும். அந்த மனுவோடு, வழக்கையே முதலில் இருந்து சந்திக்க வேண்டும். 2003-ல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது, ஆனால் அதைத் தன் எதிர்வழக்குரையில் எடுத்து வைக்க ஆள் இல்லாதவருக்கு அந்தச் சட்டம் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். சம்மன் வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர், "அம்மா, இதை உள்ளே வைக்காதே, இந்தத் தேதிக்கு நீ நேரில் போய் நின்றாக வேண்டும், வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் இந்த அறையில் போய் மனு கொடு" என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தின் வீடு ஜப்திக்கு வந்திருக்காது. இவ்வளவு சின்ன உதவிதான். அது கிடைக்காததால் வீடு போகிறது.

மனு எப்படி எழுதப்படுகிறது என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பெரியவர் வந்தார், எழுபது வயதுக்கு மேல். இருந்த ஒரே வீட்டை மகன் பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்த பிறகு சாப்பாடு இல்லை, தனி அறையும் இல்லை, மாடிப்படிக்குக் கீழே கட்டில் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. நகலை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம். ஐயா அவர்களின் சமூகத்துக்குப் பணிவுடன் என்று தொடங்கி, மகனை எப்படியெல்லாம் பாடுபட்டு வளர்த்தார், மருமகள் எப்படிப் பேசினாள், கண் பார்வை எப்படிப் போனது என்று எல்லாம் இருக்கிறது. படித்தால் கண்ணீர் வரும். ஆனால் பத்திர எண் இல்லை, பதிவான தேதி இல்லை, எந்த சார்பதிவாளர் அலுவலகம் என்று இல்லை, சர்வே எண் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, அவருக்கு என்ன வேண்டும் என்று மனுவில் ஒரு வரி கூட இல்லை. தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்திருந்தார்கள். வாங்கிப் படிக்கிற அதிகாரி இதை வைத்து எந்த உத்தரவைப் போடுவார்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. இதற்கான தீர்ப்பாயமாக இருக்கிற வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து 90 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 23-வது பிரிவின் கீழ், பார்த்துக்கொள்வதாகச் சொன்ன நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்த சொத்து என்றால், பார்த்துக்கொள்ளாதபோது அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் கேட்கலாம். அந்த நிபந்தனைதான் உயிர். அது பத்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது, எந்தச் சூழ்நிலையில் எழுதிக் கொடுத்தார் என்பதை மனுவில் தெளிவாக வைக்க வேண்டும். பெரியவரின் பத்திரத்தை வாங்கிப் படித்தால், மூன்றாவது பக்கத்தில் "என் ஆயுள் பரியந்தம் என்னைப் பராமரித்து வரவேண்டியது" என்று ஒரு வரி இருந்தது. முதல் மனுவை எழுதியவர் பத்திரத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. அந்த வரியைக் காட்டி, பத்திர எண், தேதியோடு, இரண்டு கோரிக்கையைத் தனித்தனியாகப் பிரித்து ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மாதத் தொகைக்கு உத்தரவாகிவிட்டது, பத்திர விஷயத்தில் மகன் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார், அது இன்னும் நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, தீர்ப்பாயத்தில் எந்தத் தரப்புக்கும் வக்கீல் ஆஜராகக் கூடாது என்கிறது. (கேரள உயர் நீதிமன்றம் இதை வேறு விதமாகப் பார்த்து வக்கீலை அனுமதித்திருக்கிறது, அது வேறு கதை.) முதியவருக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த பிரிவு. நல்ல எண்ணம்தான், ஆனால் வக்கீல் வேண்டாம் என்று சொன்ன அரசு, எழுபது வயதுக்காரர் தன் மனுவைத் தானே எப்படி எழுதுவார் என்று யோசித்திருக்க வேண்டாமா? நுகர்வோர் ஆணையமும் இதே மாதிரி, வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கூட இல்லை. நம் மாநில வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்தது, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது, வீட்டைக் காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பெண்ணே நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். எல்லாச் சட்டமும் நீயே போய்க் கேள் என்கிறது. போய்க் கேட்கிற வழியைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் வைக்கவில்லை.

நீதிமன்றத்தில் உள்ளே இருக்கிற ஊழியர் சொல்ல மாட்டாரா என்று கேட்பீர்கள். உள்ளே இருந்தவன் என்பதால் சொல்கிறேன், சொல்ல முடியாது. ஒரு தரப்புக்கு இப்படி எழுது, அப்படி எழுது என்று சொன்னால் எதிர்த்தரப்பு புகார் கொடுக்கும், நியாயமான புகார்தான். அதனால் யார் வந்து கேட்டாலும் "வக்கீலைப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வோம். மனுவைத் தானே எழுதித் தாக்கல் செய்கிறவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. மனுவில் குறை இருந்தால் அதைத் திருப்பித் தருவார்கள், நாங்கள் ரிட்டர்ன் என்போம். பின்பக்கத்தில் என்ன குறை என்று எழுதியிருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்து மாதிரி, எந்தப் பிரிவின் கீழ் நிலைக்கத்தக்கது, முகவரி முழுமையாக இல்லை, சரிபார்ப்பு இல்லை, இத்தனை நாளுக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று இருக்கும். வக்கீல் குமாஸ்தாவுக்கு அது தினசரி வேலை, பத்து நிமிடத்தில் சரிசெய்து திருப்பிக் கொடுத்துவிடுவார். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்கவே தெரியாது, மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் திரும்பி வருவதே இல்லை. கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே மனு கொடுக்கலாம், தமிழிலேயே தீர்ப்பு எழுதலாம் என்று சட்டம் இருக்கிற மாநிலம் இது. ரிட்டர்னையாவது தமிழில் எழுதலாம், இதற்கு நிதி கூட வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது, பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பொருளாதார வசதி இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவிக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-ல் வந்து, 1995 நவம்பர் 9-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி தேசிய ஆணைக்குழு, மாநில ஆணைக்குழு, மாவட்ட ஆணைக்குழு, வட்ட சட்டப் பணிகள் குழு என்று அடுக்கடுக்காக அமைப்பு இருக்கிறது. 12-வது பிரிவில் யார் யாருக்கு உதவி என்று பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு நம் மாநிலத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்த வருமானத்துக்கும் உறுதிமொழிப் பத்திரமே போதுமானது என்று ஏற்கலாம் என 13-வது பிரிவு சொல்கிறது. ஆனால் வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று அலைந்து முடிப்பதற்குள் 30 நாள் ஓடிவிடும்.

சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பணத்தில்தான் கோணல். கிரிமினல் வழக்கில் ஏழைக்கு முழுநேர வக்கீல் வைக்க, சட்ட உதவி எதிர்வாதி வழக்கறிஞர் திட்டம் என்று ஒன்றை ஒன்றிய அரசு நடத்துகிறது, 2023-24 முதல் 2025-26 வரை மூன்று வருடத்துக்கு 998.43 கோடி ரூபாய். மிக நல்ல திட்டம், சிறையில் கிடக்கிற ஏழைக்கு அது உயிர் மூச்சு, அதில் ஒரு ரூபாயைக் கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதே போல் சிவில் பக்கம் அலுவலகம், முழுநேர ஆள், மாதச் சம்பளம் என்று ஒரு திட்டம் இல்லை. செல்போனிலும் வீடியோவிலும் ஆலோசனை சொல்கிற டெலி-லா இருக்கிறது, அது அடங்கிய திஷா திட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை ஐந்து வருடத்துக்கு 250 கோடி. போனில் ஆலோசனை கேட்கலாம். பத்திரத்தைப் பிரித்துப் போட்டு மூன்றாவது பக்கத்து வரியைக் கண்டுபிடிக்கிற வேலையைப் போனில் செய்ய முடியாது.

கிராமத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் நிற்க வேண்டியவர்கள் சட்டத் தன்னார்வலர்கள். பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை கொடுத்து, வேலைக்குக் கூப்பிடுகிற நாளுக்கு மட்டும் மதிப்பூதியம் கொடுப்பார்கள். அந்த மதிப்பூதியமும் நேரத்துக்கு வருவதில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. யார் தொடர்ந்து நிற்பார்கள்? 2025-ல் வெளியான இந்திய நீதி அறிக்கை, 2019-க்கும் 2024-க்கும் இடையில் நாடு முழுக்கத் தன்னார்வலர் எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்திருக்கிறது என்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு இந்த நாடு சட்ட உதவிக்குச் செலவழிப்பது 6 ரூபாய் என்றும் அதே அறிக்கை சொல்கிறது, காவல் துறைக்கு ஒரு ஆளுக்கு 1,275 ரூபாய். ஆறு ரூபாய்க்குப் புரோநோட்டில் ஒட்டுகிற ஸ்டாம்ப் ஆறு வாங்கலாம்.

வெளிநாட்டைப் பார்த்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு இடத்தில் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1999 பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு நிதியை உருவாக்கினார்கள். பெரும்பகுதி ஏழைகளுக்கு சிவில் வழக்குகளில் இலவசமாக உதவுகிற அமைப்புகளுக்கு மானியமாகப் போகிறது. பத்து சதவீதத்தைத் தனியாக ஒதுக்கி, அந்த அமைப்புகளும் நீதிமன்றமும் சேர்ந்து நீதிமன்ற வளாகத்திலேயே நடத்துகிற சுய உதவி மையங்களுக்குக் கொடுக்கிறார்கள். வக்கீல் இல்லாமல் வருகிற ஏழைக்குப் படிவம் நிரப்ப, அடுத்து என்ன நடக்கும் என்று விளக்க, அங்கே ஆள் இருக்கிறார். இது தவிர அந்த மாநிலத்தில் ஒவ்வொரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்திலும் சுய உதவி மையம் இருக்கிறது. வக்கீல்கள் கட்சிக்காரர் பணத்தைக் கொஞ்ச காலம் கையில் வைத்திருக்கும் வங்கிக் கணக்குகளின் வட்டியைச் சேர்த்து அதையும் சட்ட உதவிக்கே திருப்பி விடுகிறார்கள், இந்த ஏற்பாடு 1981-ல் இருந்தே இருக்கிறது. யாருடைய பையில் இருந்தும் எடுக்காமல் பணம் திரட்ட வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் இதற்குப் புதுச் சட்டம் கூட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 4-வது பிரிவிலேயே, தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களுக்கும் மாநில, மாவட்ட ஆணைக்குழுக்களுக்கும் குறிப்பிட்ட திட்டங்களுக்காக மானியம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. மாவட்ட அளவில் சட்ட உதவி நிதி என்று தனிக் கணக்கு வைக்கவும், நன்கொடை வாங்கவும் வழி இருக்கிறது. நீதிமன்றங்கள் விதிக்கிற செலவுத் தொகை பல சமயம் இந்தக் கணக்குக்குத்தான் போகிறது. இடமும் இருக்கிறது. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்குகிற இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையங்களும் அடக்கம். மேஜை, கம்ப்யூட்டர், ஸ்கேனர், மின்சாரம் எல்லாம் அங்கே வந்துவிடும். அங்கே இருப்பவர் மனுவை ஸ்கேன் செய்து ஏற்றிக் கொடுப்பார், வழக்கு நிலையைப் பார்த்துச் சொல்வார், மனுவில் என்ன எழுத வேண்டும் என்று சொல்வது அவர் வேலை இல்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, பயிற்சி பெற்ற ஒருவரை உட்கார வைத்து, மாதச் சம்பளம் கொடுங்கள் என்கிறேன்.

எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். வருடா வருடம் மார்ச்சில் முடிந்து, அடுத்த ஒதுக்கீடு ஆகஸ்டில் வந்து, நடுவில் ஐந்து மாதம் கதவு பூட்டிக் கிடக்கிற மாதிரி கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. மூன்று வருடத்துக்குச் சேர்த்து அனுமதி கொடுக்க வேண்டும். நிதி போய்ச் சேரும் இடம் மாவட்டத் தலைநகராக மட்டும் இருக்கக் கூடாது, வட்ட நீதிமன்றம் வரை இறங்க வேண்டும். பேருந்துக்கும் ஒரு நாள் கூலி இழப்புக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் செலவழித்துத்தான் இலவச உதவிக்கு வர முடியும் என்றால் அது எப்படி இலவசம்? மாதம் எத்தனை முகாம் போட்டீர்கள், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கணக்குக் கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை மனு ரிட்டர்ன் ஆகாமல் வழக்கு எண் வாங்கியது, எத்தனை பேர் எக்ஸ்பார்ட்டி ஆகாமல் தப்பித்தார்கள், எத்தனை உத்தரவு கைக்கு வந்தது என்று கேட்க வேண்டும். அடிக்கடி தேவைப்படுகிற மனுக்களுக்குப் பெரிய எழுத்தில், எளிய தமிழில் மாதிரிப் படிவம் அச்சடித்து வைக்க வேண்டும். ஜீவனாம்ச மனு (இப்போது பழைய 125-வது பிரிவு இல்லை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு), மூத்த குடிமக்கள் மனு, நுகர்வோர் புகார், வாடகை மனு, ஒருதலைப்பட்ச தீர்ப்பை ரத்து செய்யும் மனு, ஏழை என்ற அடிப்படையில் கோர்ட் ஃபீ இல்லாமல் வழக்குத் தொடரும் மனு, இந்த ஆறு இருந்தாலே போதும், வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். சட்டக் கல்லூரி கடைசி வருட மாணவர்களை வாரம் ஒரு நாள் அனுப்பலாம், அவர்களுக்கும் பழக்கம் ஆகும்.

ஆட்சியர் அலுவலக வாசலிலும் தாலுகா ஆபீஸ் வாசலிலும் மனு எழுதி உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களை விரட்டச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள், ஐம்பது நூறு வாங்கிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் எழுதுகிறார்கள். பெரியவரின் முதல் மனுவை எழுதியவருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, அந்தச் சட்டத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர்களைக் கூப்பிட்டு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, மாதிரிப் படிவப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், ஒரே மாதத்தில் எத்தனையோ மனு உருப்படும். இந்தப் பயிற்சிக்கும் நிதியில் ஒரு பங்கு வைக்கலாம்.

வக்கீல்கள் சங்கத்தில் இதற்கு எதிர்ப்பு வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வரக் கூடாது என்பது என் எண்ணம். நான் சொல்கிற ஆட்கள் வக்கீலிடம் போகக் கூடியவர்களே இல்லை, இருபதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் பாக்கிக்கு எந்த வக்கீல் வருவார், வந்தால் அவருக்கு என்ன ஃபீஸ் கொடுப்பது? நான் கேட்கிற உதவி மையத்தில் இருப்பவர் நீதிமன்றத்தில் ஆஜராகப் போவதில்லை. வழி சொல்வார், படிவம் நிரப்ப உதவுவார், அதோடு நிறுத்திக்கொள்வார். பாகப்பிரிவினை, உரிமை விளம்புகை (சொத்து யாருக்கு உரியது என்று நீதிமன்றத்தை அறிவிக்கக் கேட்பது), குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற தகராறு, எதிர்த்தரப்பில் பெரிய வக்கீல் இருக்கிற வழக்கு, இதெல்லாம் தானே நடத்துகிற விஷயம் இல்லை, நடத்தினால் கெட்டுப்போகும். அப்படிப்பட்டவர்களை அன்றைக்கே பக்கத்து அறையில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிப்போய் பேனல் வக்கீலை, அதாவது அந்தக் குழுவின் பட்டியலில் இருக்கிற வக்கீலை, கேட்க வைப்பதும் மையத்தின் வேலைதான். பேனல் வக்கீலுக்குக் கொடுக்கிற கட்டணத்தையும் உயர்த்த வேண்டும். கொடுக்கிற தொகை டைப்பிங்குக்கும் பெட்ரோலுக்குமே சரியாகப் போகிறது என்கிறார்கள், அதைக் கேட்பதற்கு வக்கீல் சங்கங்களோடு நானும் நிற்பேன்.

சட்டமன்றத்தில் நீதி நிர்வாகத்துக்கான மானியக் கோரிக்கை வரும்போது எங்கள் மாவட்டத்து உறுப்பினர்கள் யாராவது எழுந்து, புதுக் கட்டடம் எப்போது திறப்பீர்கள் என்ற கேள்வியோடு சேர்த்து, அந்தக் கட்டடத்துக்குள் ஏழைக்கு மனு எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்குச் சம்பளம் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு வட்டம் என்று எடுத்துச் சோதனையாகவாவது தொடங்கட்டும். என்னைப் போல ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம், பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டால் வருவோம்.

அதுவரை, இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது நீதிமன்ற சம்மன் வந்திருந்தால், தயவுசெய்து உள்ளே வைக்க விடாதீர்கள். அதில் இருக்கிற வாய்தா தேதியைப் பாருங்கள். அந்த ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், சம்மனையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பெண் என்றால் வருமானம் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை, அதைச் சொல்லுங்கள். சட்ட உதவி அனுமதியாகிவிட்டால் கோர்ட் ஃபீயும் அவர்கள் பொறுப்பு. போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
கடலூர் மாவட்டம்.